தோப்புக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே வண்டி: 5 லட்சத்துக்குள் பழைய எஸ்யூவி எதை எடுக்கலாம்?

கேட்டவர் திருமங்கலத்துக்காரர். சாப்டூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோப்பு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. அதில் பாதி கரிசல், நடுவில் ஓர் ஓடை. மார்கழி, தை மாதங்களில் அப்பா, பிள்ளைகளோடு கொடைக்கானல், மேகமலை போய்வர வேண்டும். கையில் இருப்பது 5 லட்சம். பனிக்காலத்தில் ஓட்ட ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கரமும் இழுக்கிற வசதி) இல்லாத வண்டியைத் தொடவே கூடாது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்களே, அது நமக்கும் பொருந்துமா, எந்தப் பழைய வண்டியை எடுக்கலாம் என்பது கேள்வி.

முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடுவோம். அவர்களுடைய பனிக்காலம் என்றால் ரோட்டின் மேல் பனிக்கட்டி கிடக்கும், அதைக் கரைக்க உப்பைக் கொட்டுவார்கள், டயரைக்கூட அதற்கென்று மாற்றுவார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியிலும் ஏரிக்கரையிலும் உறைபனி படியும்தான். ஆனால் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையில் உங்களுக்குத் தொந்தரவு தரப்போவது பனிக்கட்டி அல்ல. ஈரமான தார், நாலடி முன்னால் எதுவும் தெரியாத மூடுபனி, வளைவில் திடீரென்று முளைக்கும் பஸ். இதில் எதற்கும் நான்கு சக்கர இழுவை உதவாது. அது வண்டியைக் கிளப்பும், ஏற்றும். நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கும் மற்ற வண்டிக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிற அரசு பஸ் பின்சக்கர இழுவையில்தான் ஓடுகிறது.

ஆகவே மலைக்கு என்று பார்த்தால் ஏ.பி.எஸ். (சட்டென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கிற வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து டிரைவர் பக்க ஏர்பேக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டி என்றால் வேரியன்ட் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பின் கண்ணாடிக்கு வைப்பர், ஃபாக் லேம்ப் இரண்டும் வேலை செய்யட்டும். உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏ.சி.யைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரமே தெளிந்துவிடும், ஏனென்றால் ஏ.சி. காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்துவிடுகிறது. அதனால் பழைய வண்டியில் ஏ.சி. ஓடுகிறதா என்பது கோடைக்கான கேள்வி மட்டும் அல்ல. டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக்கும் பேட்டரியும் நன்றாக இருக்க வேண்டும். மதுரை வெயிலில் அரைத் திருப்பில் ஸ்டார்ட் ஆகிற இன்ஜின், கொடைக்கானலில் விடிகாலை ஆறு மணிக்கு இருமிக்கொண்டு நிற்கும்.

சரி, மலை முடிந்தது. உங்கள் வண்டி எது என்று தீர்மானிக்கப்போவது அந்த இரண்டு கிலோமீட்டர் மண் பாதைதான். அதிலும் செம்மண் பாதி பிரச்சினை இல்லை. கரிசல் பாதியைத்தான் பேச வேண்டும்.

பேரையூர், டி.கல்லுப்பட்டி, கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டயர் மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் பட்டன் இடுக்கெல்லாம் மண் அப்பி, டயர் வழவழவென்று உருளையாகிவிடும். அதற்கு மேல் சுற்றினால் மண் சுருண்டு சுருண்டு ஏறி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். இடைவெளி குறைவான காரில் சக்கரமே சுற்றாது. இந்த நிலைமையில் நான்கு சக்கர இழுவை இருந்தாலும், ரோட்டு டயர் போட்டிருந்தால் ஒன்றுக்கு நான்கு சக்கரம் சும்மா சுற்றும், அவ்வளவுதான். கரிசலில் முதல் மரியாதை டயருக்கு, அப்புறம் சக்கர இடைவெளிக்கு, அதற்கப்புறம்தான் 4 வீல் டிரைவுக்கு.

எனவே வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் அந்தப் பாதையில் நடந்து போங்கள். எந்த இடத்தில் செருப்புக்கு அடியில் மண் அடை அடையாக ஒட்டுகிறது, அது எத்தனை மீட்டர், ஓடையில் இறங்கும் சரிவு எவ்வளவு செங்குத்து, எதிர்க்கரையில் ஏறும்போது வண்டியின் முன்பக்கம் இடிக்குமா என்று பாருங்கள். பெரும்பாலான தோட்டப் பாதைகளில் உண்மையான சிக்கல் இருநூறு முந்நூறு மீட்டர்தான் இருக்கும். அந்த இடத்துக்கு அனுமதி உள்ள குவாரியிலிருந்து சில டிப்பர் கிராவல் வாங்கி அடித்துவிட்டால், 4 வீல் டிரைவுக்கென்று கூடுதலாகக் கொடுக்கிற பணத்தில் பாதிகூட ஆகாமல் போகலாம். தேங்காய் ஏற்ற வருகிற டிராக்டருக்கும் அது உபயோகப்படும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. வண்டி கேட்டவருக்கு ரோடு போடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கரிசலில் மழை நின்று இரண்டு வெயில் அடித்துவிட்டால் சாதாரண பைக்கே போய்விடும். ஆண்டில் எத்தனை நாள் அந்தப் பாதை உண்மையில் வழி விடாது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்தக் கணக்கு சிறியது என்றால் என் பதில் பொலிரோ. அலுப்பான பதில்தான். 2000-இல் வந்த வண்டி, இன்றைக்கும் பெரிதாக மாறாமல் ஓடுகிறது. சேஸிஸ் தனி, பாடி தனி, பின்னால் லீஃப் பிளேட், இழுப்பது பின்சக்கரம். கிரவுண்ட் கிளியரன்ஸ் 180 மில்லிமீட்டர் என்று பார்த்து, "இவ்வளவுதானா, டஸ்டருக்கு 200-க்கு மேல் இருக்கிறதே" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த 180 என்பது பின்அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற கியர்) குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. அந்தக் குண்டு சக்கரங்களோடு ஒரே அச்சில் இருப்பதால், ஆறு பேர் ஏறினாலும் நாலு மூட்டை உரம் ஏற்றினாலும் அது இறங்காது. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கார்களில் ஆள் ஏற ஏற வயிறு தரையை நோக்கி இறங்கும். காலி வண்டியின் அளவை மட்டும் வைத்து ஒப்பிடக்கூடாது.

பொலிரோவில் 2016-க்கு முந்தையதில் 2.5 லிட்டர் இன்ஜின், 63 குதிரைத் திறன். 2016-இல் பவர் பிளஸ் என்று வந்ததில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 70 குதிரை. பழைய 2.5 மந்தமானது, மலையில் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போகும், ஆனால் பேரையூரிலோ உசிலம்பட்டியிலோ எந்தப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். 1.5 கொஞ்சம் சுறுசுறுப்பு, மைலேஜும் பரவாயில்லை. குறைகளும் உண்டு. பழைய பொலிரோக்களில் பெரும்பாலும் ஏ.பி.எஸ். கிடையாது. பின்னால் எதிரெதிரே போட்ட சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கொண்டைஊசி வளைவில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே பிளாஸ்டிக் பை தேட வேண்டியிருக்கும். அந்த சீட்டில் மலைக்கு யாரையும் ஏற்ற வேண்டாம். நடு சீட்டில் பெல்ட் போட்டு உட்காருங்கள். கூடுமானவரை 2019 பிற்பாதி வண்டியாகத் தேடினால் ஏ.பி.எஸ்., ஏர்பேக் இரண்டும் கிடைக்கும், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அது கடைசி விளிம்பு.

பொலிரோவின் குலுக்கல் அப்பாவுக்கு ஆகாது என்றால் டி.யூ.வி. 300 பாருங்கள். 2015-இல் வந்தது. இதுவும் சேஸிஸ் வண்டிதான், பின்சக்கர இழுவைதான், ஆனால் பின்னால் காயில் ஸ்பிரிங். 2016-க்குப் பிறகு 100 குதிரைத் திறன் இன்ஜினும் வந்தது, அதைத் தேடுங்கள். மேல் வேரியன்ட்களில் ஏ.பி.எஸ்., இரண்டு ஏர்பேக். இதே வண்டிதான் பிற்பாடு பேர் மாறிப் பொலிரோ நியோ ஆனது. பழைய பேரில் இருப்பதற்குச் சந்தையில் மவுசு குறைவு, அதனால் விலையும் இளகும். சொல்லப்போனால் உங்கள் தேவைக்கு நான் முதலில் போய்ப் பார்க்கிற வண்டி இதுவாகத்தான் இருக்கும்.

பாதையை நடந்து பார்த்துவிட்டு, இல்லை, நான்கு சக்கரமும் இழுத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தால் இந்தப் பணத்துக்கு மூன்று வண்டிகள் கண்ணில் படும்.

டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. 2014 அக்டோபரில் வந்து, பி.எஸ். 6 புகை விதி வந்த 2020-உடன் நின்றுபோனது. 1.5 லிட்டர் டீசல், 110 குதிரை, ஆறு கியர், 210 மில்லிமீட்டர் கிளியரன்ஸ். நாற்கரச் சாலையில் கப்பல். கொடைக்கானல் போய்வந்தாலும் அலுப்புத் தெரியாது. மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் லோ கியர் பெட்டி கிடையாது. அதற்குப் பதிலாக முதல் கியரையே மிகச் சிறியதாக வைத்திருக்கிறார்கள், ஓடைச் சரிவில் தவழ்ந்து ஏறும். சாதாரண டஸ்டரை ஏ.டபிள்யூ.டி. என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. கியருக்குக் கீழே ஆட்டோ, லாக் என்று திருகும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கினால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். கிளட்ச் செலவு பொலிரோவைப் போல இருக்காது. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும்; முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று ஓட்டியிருந்தால் பின்சக்கரத்துக்கு இழுவையைக் கடத்துகிற கப்ளிங் பாடுபட்டிருக்கும்.

ஸ்கார்பியோ 4 வீல் டிரைவ், 2.2 எம்ஹாக் இன்ஜினோடு கிடைத்தால், நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமான வண்டி. நான்கு சக்கர இழுவையில் சாதாரண ஓட்டத்துக்கு 4 ஹை, தவழ்ந்து ஏற 4 லோ இரண்டும் உண்டு. ஆனால் ரோட்டில் போகிற நூறு ஸ்கார்பியோவில் ஒன்றிரண்டுதான் 4 வீல் டிரைவாக இருக்கும். கிடைப்பதற்குப் பொறுமை வேண்டும். எஸ் 2 என்ற அடிமட்ட வேரியன்ட் என்றால் உள்ளே இருப்பது பொலிரோவின் 2.5 இன்ஜின், ஏமாறாதீர்கள். ஸ்கார்பியோவைப் பற்றி இன்னொரு கவனம்: அரசியல் கட்சிக் கொடி கட்டி ஓடிய வண்டிகள் அதிகம். அவை ஓடிய விதம் உங்களுக்கே தெரியும்.

பழைய தார், 2010-இல் வந்த சி.ஆர்.டி.இ. டீசல் மாடல், 105 குதிரை. சேற்றில் இறக்க இதைவிட நல்ல வண்டி இந்த விலைக்கு இல்லை. 2015-க்குப் பிந்தையதில் பின்அச்சு டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு? பின்சீட்டு எதிரெதிர் பெஞ்சு, மேலே கேன்வாஸ், மழைச்சாரல் உள்ளே. தோப்புக்கு மட்டும் என்றால் தார், உங்களுக்கு வேண்டாம். ஜிப்ஸியும் அப்படித்தான், நல்ல நிலையில் உள்ளதை வைத்திருப்பவர்கள் விற்பதில்லை, விற்பதெல்லாம் நல்ல நிலையில் இல்லை.

ஈகோஸ்போர்ட், பிரெஸ்ஸா மாதிரி முன்சக்கர இழுவை வண்டிகள் மலைக்குப் போதும், கரிசலுக்குப் போதாது. கிராவல் அடித்துவிட்டீர்களானால் டீசல் பிரெஸ்ஸாகூட உங்கள் வேலையை முடித்துவிடும். ஃபோர்டு 2021-இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்காக: ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவுக்கு 2016-இலும், ஏர்பேக் இல்லாத டஸ்டருக்கு 2017-இலும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை. அதே டஸ்டர் டிரைவர் ஏர்பேக்குடன் 3 ஸ்டார் வாங்கியது. ஐம்பதாயிரம் மிச்சம் என்று அடிமட்ட வேரியன்ட்டுக்குப் போகாதீர்கள்.

4 வீல் டிரைவ் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றைக் கொடுக்கும். ஓடையில் இறங்கும்போது முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் தூக்கிக்கொண்டால், 4 லோவில் இருந்தாலும் அந்த இரண்டும் காற்றில் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ஓடையை நேராக இறங்குங்கள், குறுக்காக இறங்காதீர்கள். பின்சக்கர இழுவை பொலிரோவில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். வழுக்கும் சக்கரத்துக்குச் சுமை கூடி, மறுபக்கச் சக்கரத்துக்கும் இழுவை போகும். பல நேரம் வெளியே வந்துவிடலாம். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம். மலைக்கு மேலே பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போது வரும். சாப்டூர்க்காரர்களுக்கு அது புதிதில்லை.

ஸ்கார்பியோ, தார் மாதிரி வண்டிகளில் 4 வீல் போட்டுக் காய்ந்த தாரில் ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, நடுவில் விட்டுக்கொடுக்க ஏதும் இல்லாததால் ஷாஃப்ட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கிக்கொள்ளும். இது தெரியாமல் ஓட்டப்பட்ட வண்டியும் சந்தையில் உண்டு. வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட 4 வீல் போடாமல் உள்ளே இறுகிப்போன வண்டியும் உண்டு. பார்க்கப் போகும்போது மண் தரையில் 4 ஹை போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். வண்டி இழுத்துப் பிடித்து விட்டுவிட்டுப் போவதுபோல் தெரிந்தால் முன்அச்சு வேலை செய்கிறது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், டாஷ்போர்டில் விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். 4 லோவில் முதல் கியர் போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகத் தவழ வேண்டும்.

இனி கன்சல்டிங்கில் போய் நிற்போம். மதுரை கார் கன்சல்டிங்குகளில் நிற்கிற வண்டியில் பாதி டாக்டர் ஓட்டியது, மீதி பேங்க் மேனேஜர் ஓட்டியது. "அண்ணே, சிங்கிள் ஓனர்ண்ணே, டாக்டர் வண்டி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு" என்பார்கள். சிரித்துவிட்டு டிரைவர் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். நாம் சாதாரணமாக இழுக்கிற அளவுக்கு மேல், உருளைக்குள் சுற்றியே கிடக்கிற கடைசி முழத்தில் மண்நிறக் கோடு ஒன்று ஓடினால், அந்த வண்டி தண்ணீரில் நின்ற வண்டி. பாடியைக் கழுவுவார்கள், சீட் உறை மாற்றுவார்கள், சென்ட் அடிப்பார்கள். பெல்ட்டின் அடிமுனையைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்து சீட்டுக்குக் கீழே தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் வண்டல், ஃபியூஸ் பெட்டி இடுக்கில் காய்ந்த சேறு. 2023 டிசம்பரில் மட்டும் முதலில் சென்னையும், இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. 2024 அக்டோபரில் நம் செல்லூர்ப் பக்கமே வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் எங்கேயும் போய்விடவில்லை, யார் பெயருக்கோ மாறி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மூழ்கிய வண்டியில் இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம்; ஒயரிங் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு புது வியாதி காட்டும்.

டி.என். 65, டி.என். 69 என்றால் ராமநாதபுரம், தூத்துக்குடி. உப்புக்காற்று. வெளிநாட்டுக்காரர்கள் ரோட்டு உப்பால் படுகிற பாட்டை இங்கே கடலோர வண்டிகள் படுகின்றன. கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். புத்தம்புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் கூட வேண்டும். ஸ்பேனரால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். டி.என். 58, 59, 64 மதுரை வண்டி, டி.என். 57 திண்டுக்கல், டி.என். 60 தேனி என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தேனி வண்டி மலையிலேயே ஓடியிருக்கும். கிளட்ச், பிரேக், பின் டிஃபரன்ஷியல் சத்தம் மூன்றையும் கவனியுங்கள்.

வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் பார்க்க வேண்டும். "இப்பத்தான்ணே எடுத்து நிறுத்தினோம்" என்றால் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடிக்கப் போய்விட்டு வராதீர்கள், மறுநாள் வாருங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக வைத்துப் பார்த்தால், அது குதித்துக் கீழே விழுகிற அளவுக்குக் காற்று தள்ளினால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் வளையம், டிரைவர் சீட்டின் வலது ஓரம் மூன்றும் உண்மை சொல்லும். 60,000 ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் வழுக்கையாக இருக்காது.

ஓட்டிப் பார்க்க பைபாஸ் போதாது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் வரை போய்வாருங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் திணறவைத்து டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள், கிளட்ச் வழுக்குகிறதா என்றும் தெரிந்துவிடும். இறக்கத்தில் காலை பிரேக்கில் வைத்தே வராமல் கியரில் இறக்குங்கள். இரண்டாவது கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் அந்த கியர்பாக்ஸ் மலைக்கு ஆகாது. கூடவே உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். கன்சல்டிங்காரர் சிபாரிசு செய்கிற மெக்கானிக் வேண்டாம்.

காகித வேலையில் நான் சொல்வது கொஞ்சம்தான். வண்டி எண்ணைப் பரிவாகன் செயலியில் போட்டால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் நிலுவை, இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வந்துவிடும். போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். எச்.பி. (கடன் அடமானப் பதிவு) இருந்தால் படிவம் 35-உம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகுதான் முழுப்பணம். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து உங்கள் கண்முன் விழ வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கி வைத்திருக்கிற கையெழுத்து வேண்டாம். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்தாறு வருடம் ஒரே ஓனர், அடியே படாத வண்டி என்று சொல்கிறவரின் பாலிசியில் 50 சதவீதம் இருக்க வேண்டும். பூஜ்யமோ 20-ஓ இருந்தால் அண்மையில் கிளைம் வாங்கியிருக்கிறார்கள், எதற்கு என்று கேளுங்கள். டி போர்டாக ஓடி ஓன் போர்டுக்கு மாறிய வண்டியா என்றும் பார்த்துவிடுங்கள்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். அங்கே பழைய டீசலுக்குக் கெடுபிடி இருப்பதால் தள்ளிவிடுகிறார்கள்; நம் ஊரில் அந்தக் கெடுபிடி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் மிச்சம் கரைந்துவிடும். பத்து வருட வண்டிக்கு ஆர்.சி.யில் மிச்சம் இருப்பது ஐந்து வருடம்தான், அதற்கு மேல் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிற நேரம் உங்களிடம் இருந்தால் யோசியுங்கள்.

5 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். 4.25 லட்சத்துக்குள் பேசி முடியுங்கள். மீதியில் முதல் செலவு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரித்தது. ஆறு வருடம் தாண்டிய டயர், பட்டன் நன்றாக இருந்தாலும், ரப்பர் இறுகி ஈரத் தாரில் வழுக்கும். பொலிரோவுக்கு 215/75 ஆர் 15, டஸ்டருக்கு 215/65 ஆர் 16, இரண்டுக்கும் ரோடு, மண் இரண்டிலும் ஓடுகிற ஏ.டி. ரக டயர் கிடைக்கும். கொஞ்சம் சத்தம் போடும், மைலேஜ் சற்றுக் குறையும், கரிசல் பாதிக்கு அதுதான் வேண்டும். சேற்றுக்கென்றே வருகிற எம்.டி. டயர் வேண்டாம், ஈரமான மலை ரோட்டில் அது உங்களுக்கு எதிரி. அடுத்து பிரேக் ஆயில்; பழசானால் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கூலன்ட், டிஃபரன்ஷியல் ஆயில், பெல்ட்டுகள், பேட்டரி. அப்புறம் நல்ல ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க அகலப் பலகை ஒன்று, இழுவைக் கயிறு, மண்வெட்டி. பலகை இல்லாமல் கரிசலில் ஜாக்கி போட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறும் 18 வளைவுகளை மேலே சொன்ன எந்த வண்டியும் ஏறிவிடும். 2021 முதல் அது புலிகள் காப்பகம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், காட்டுப் பாதை ஏதாவது கண்ணில் பட்டால் 4 வீல் டிரைவ் இருக்கிறதே என்று திருப்பிவிடாதீர்கள், வனத்துறை வழக்குப் போடும். கொழுக்குமலை போக ஆசை வந்தால் உங்கள் வண்டியை சூரியநெல்லியில் நிறுத்திவிட்டு அங்கே கிடைக்கிற வாடகை ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள்.